காற்றை அளந்தவர்

வானில் பறத்தல் வேண்டும் என்னும் வேட்கை மனிதனுக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. நிலத்தில் நடக்கவும் நீரில் நீந்தவும் கற்ற மனிதன், தலைக்குமேல் தடையின்றித் திரியும் புள்ளினங்களை அண்ணாந்து நோக்கி ஏங்கினான். செயலால் அடைய இயலாததைக் கற்பனையால் அடைந்து உள்ளம் ஆறினான். நம் நாட்டுக் காப்பியத்தில் புட்பக விமானம் பறந்தது. கிரேக்க நாட்டுக் கதையில் இக்காரஸ் என்னும் இளைஞன் மெழுகால் ஒட்டிய இறகுகளுடன் எழுந்தான். கதிரவனை நெருங்கியபோது மெழுகு உருகிக் கடலில் வீழ்ந்தான்.

இன்றோ நூற்றுக்கணக்கானோர் ஒரே வானூர்தியில் அமர்ந்து, உண்டும் உறங்கியும் கடல் கடந்து செல்கின்றனர். கற்பனைக்கும் செயலுக்கும் இடையே கிடந்த அந்நெடுந்தொலைவைக் கடக்க உதவியோர் பலர். அவருள் ஒருவர், பறவையைக் கண்டு வியந்ததோடு நில்லாமல், அதனைத் தாங்கும் காற்றின் வலிமையை அளந்து எழுதி வைத்தார். எழுதியதை மெய்ப்பிக்கத் தம் உடலையே கருவியாக்கினார். அம்முயற்சியிலேயே உயிரும் துறந்தார். அவரே ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ லிலியந்தால்.

முன்னோர் முயற்சிகள்

வானில் இயங்குதற்கு இருவகை வழிகள் உண்டு. காற்றினும் இலேசான பொருளின் துணையால் மிதத்தல் ஒன்று. காற்றினும் கனமான கருவியைக் கொண்டு பறத்தல் மற்றொன்று. முதல் வழியில் முந்தி வென்றோர் பிரான்சு நாட்டு மாண்ட்கால்பியே உடன்பிறப்பினர். சூடேறிய காற்று இலேசாகி மேலெழும் என்பதை அறிந்த அவர்கள், 1783-ஆம் ஆண்டில் பெரியதொரு கூண்டு செய்து வானில் ஏற்றினர். அவ்வாண்டிலேயே மனிதர் இருவர் அத்தகைய கூண்டில் ஏறிப் பாரிசு நகரின்மேல் மிதந்து சென்றனர். உலகம் வியந்தது. ஆயினும் காற்று எத்திசை வீசுமோ அத்திசையே கூண்டும் செல்லும். பறவையோ காற்றை எதிர்த்தும் செல்கிறது. நினைத்த இடத்தில் இறங்குகிறது. அவ்வாற்றல் கூண்டுக்கு இல்லை.

இரண்டாம் வழியின் இலக்கணத்தை முதலில் தெளிவாக வகுத்தவர் இங்கிலாந்து நாட்டு ஜார்ஜ் கேலி. அவர் 1799-ஆம் ஆண்டில் சிறியதொரு வெள்ளி வட்டில், சிறகின்மேல் செயற்படும் விசைகளைக் கோடுகளாகப் பொறித்து வைத்தார். பறக்கும் பொருளை நான்கு விசைகள் ஆள்கின்றன. அதனைக் கீழே இழுப்பது அதன் எடை. மேலே தாங்குவது தூக்குவிசை. முன்னே செலுத்துவது உந்துவிசை. பின்னுக்குத் தடுப்பது காற்றின் தடைவிசை. தூக்குவிசை எடையைத் தாங்க வேண்டும். உந்துவிசை தடையை வெல்ல வேண்டும். தூக்குதற்கு ஒரு வழியும் உந்துதற்கு மற்றொரு வழியும் தனித்தனியே காணலாம் என்பதே கேலியின் அரிய கருத்து.

கருத்து பிறந்தது, கணக்குப் பிறக்கவில்லை. இவ்வளவு எடையைத் தாங்க எவ்வளவு அகலமான சிறகு வேண்டும்? அது தட்டையாக இருத்தல் வேண்டுமா, வளைந்திருத்தல் வேண்டுமா? காற்றுக்கு எதிரே அதனை எவ்வளவு சாய்த்தல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு உறுதியான விடை எவரிடமும் இல்லை. விடை அறியாமலே சிறகு கட்டிக்கொண்டு கோபுரங்களினின்று குதித்துக் கால் முறிந்தோரும் உயிர் நீத்தோரும் உண்டு. துணிவு அவர்களிடம் குறைவின்றி இருந்தது. அளவுதான் இல்லை.

பிறப்பும் இளமையும்

ஓட்டோ லிலியந்தால் 1848-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த பொமரேனியாவில், அங்க்லாம் என்னும் சிற்றூரில் பிறந்தார். உடன்பிறந்தோர் எண்மருள் ஐவர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். எஞ்சியோர் ஓட்டோவும், அவருக்கு ஓராண்டு இளையவரான குஸ்தாவும், தங்கை மரியும் ஆவர். தந்தையார் வணிகர். அவர் 1861-ஆம் ஆண்டில் காலமானபின், தாயார் கரோலினா மக்களைத் தனித்து நின்று வளர்த்தார்.

அங்க்லாமைச் சுற்றிலும் பரந்த புல்வெளிகள் உண்டு. வேனிற்காலத்தில் அங்கே செங்கால் நாரைகள் வந்து கூடும். ஓட்டோவும் குஸ்தாவும் அவற்றைப் பார்த்துக்கொண்டே பொழுது போக்குவர். அணுகிச் சென்றால் நாரை அஞ்சி எழும். எழும்போது காற்று வீசும் திசைக்கு எதிராகவே அது ஓடி எழுவதைச் சிறுவர் கண்டனர். சில வேளைகளில் துரத்துபவரை நோக்கியே ஓடி வந்து எழும். அச்சத்தினும் மேலானதொரு காரணம் அதற்கு இருத்தல் வேண்டும் என்று அவர்கள் எண்ணினர். எதிர்க்காற்று சிறகைத் தாங்கித் தூக்குகிறது என்பதே அக்காரணம். நாரை கற்பித்த இம்முதற்பாடத்தை ஓட்டோ இறுதிவரை மறக்கவில்லை. பிற்காலத்தில் அவர் பறந்த ஒவ்வொரு முறையும் காற்றை எதிர்த்தே ஓடி எழுந்தார்.

உயரே சென்ற நாரை சிறகை அசைப்பதும் இல்லை. விரித்தபடியே வட்டமிட்டு மிதக்கும். அசையாத சிறகு ஓர் உடலை எவ்வாறு தாங்குகிறது? இவ்வினா ஓட்டோவின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1862-ஆம் ஆண்டில் சிறுவர் இருவரும் மெல்லிய மரப்பலகைகளால் சிறகு செய்து, தோளிற் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து கீழ்நோக்கி ஓடினர். பள்ளித் தோழர் கண்டால் எள்ளுவர் என்று அஞ்சி, இதனை இரவிலேயே செய்து பார்த்தனர். சிறகு அவர்களைத் தூக்கவில்லை. தோல்வி அவர்களைத் தளர்த்தவும் இல்லை.

கல்வியும் தொழிலும்

ஓட்டோ போட்ஸ்டாம் நகரில் தொழிற்கல்வி கற்றார். பின்னர்ப் பெர்லின் நகரில் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் கைத்தொழில் பயின்றார். 1867 முதல் 1870 வரை அந்நகரின் தொழிற்கல்விக் கழகத்தில் பொறியியல் கற்றுத் தேர்ந்தார். அக்காலத்தும் பறக்கும் எண்ணம் அவரை விடவில்லை. தம்பியுடன் சேர்ந்து, காலால் மிதித்தால் சிறகடிக்கும் பொறி ஒன்றைச் செய்தார். ஆளும் பொறியும் சேர்ந்து 80 கிலோ எடை. கயிற்றின் மறுமுனையில் 40 கிலோ எடையைத் தொங்கவிட்டபோது, சிறகடித்து மேலெழ முடிந்தது. மனிதனின் தசைவலிமை எடையில் பாதியைத்தான் தூக்கும் என்பது தெளிவாயிற்று. இதனைத் தோல்வி என்று பிறர் கைவிட்டிருப்பர். லிலியந்தாலோ இதனை ஓர் அளவாகக் குறித்துக்கொண்டார்.

1870-இல் பிரான்சு நாட்டோடு போர் மூண்டது. லிலியந்தால் படையிற் சேர்ந்து பணியாற்றித் திரும்பினார். பின்பு பொறியாளராக வேலை பார்த்தார். 1878-இல் ஆக்னஸ் என்னும் நங்கையை மணந்தார்; மக்கள் நால்வரைப் பெற்றார். பெர்லினில் தமக்கெனத் தொழிற்சாலை ஒன்று நிறுவி நீராவிக் கொதிகலன்கள் செய்தார். அக்காலத்துக் கொதிகலன்கள் பல வெடித்து உயிர் கொள்வன. லிலியந்தால் பாம்புபோற் சுருண்ட குழாய்களால் சிறிய கொதிகலன் ஒன்றை அமைத்தார். அது சிறு பட்டறைகளும் அச்சமின்றிப் பயன்படுத்தத்தக்கதாய் இருந்தது. அவர் பெற்ற கண்டுபிடிப்பு உரிமைகள் ஏறத்தாழ 25.

பொருளீட்டுவதே அவர் வாழ்வின் நோக்கம் அன்று. 1890-இல் தம் தொழிற்சாலையின் ஆதாயத்தில் 4-இல் 1 பங்கைத் தொழிலாளர்க்கே பகிர்ந்தளிக்க ஏற்பாடு செய்தார். உழைப்போரும் குறைந்த கட்டணத்தில் நல்ல நாடகங்களைக் காணல் வேண்டும் என்று விரும்பிப் பெர்லினில் ஒரு நாடக அரங்கை ஆதரித்தார். தாமே ஒரு நாடகமும் எழுதினார். பகலெல்லாம் தொழில், ஓய்வு நேரமெல்லாம் பறத்தல் ஆராய்ச்சி. இதுவே அவர் வாழ்ந்த முறை.

காற்றை அளத்தல்

மாணவர்களே, கண்ணுக்குப் புலனாகாத காற்றை அளப்பது எவ்வாறு? லிலியந்தால் 1870-க்குப் பின்வந்த ஆண்டுகளில் அதற்கென ஒரு பொறி அமைத்தார். செங்குத்தான தூண் ஒன்று. அதன்மேல் கிடையாகச் சுழலும் நீண்ட கை ஒன்று. கையின் இரு முனைகளிலும் ஆராய வேண்டிய சிறகு வடிவங்களைப் பொருத்துவார். கயிற்றில் கட்டிய எடை கீழிறங்கும்போது கை சுழலும். சிறகுகள் காற்றைக் கிழித்துச் செல்லும். சுழலும் விரைவு தெரியும். இறங்கும் எடையும் தெரியும். ஆதலின் சிறகு எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கணக்கிட்டு அறியலாம். பின்னர்த் திறந்த வெளியில் வீசும் இயற்கைக் காற்றிலும் இச்சோதனைகளைச் செய்து ஒப்பிட்டார்.

தட்டையான பலகையைச் சிறிது சாய்த்துக் காற்றில் செலுத்தினால் அது ஓரளவு தூக்கும். அதே அளவுள்ள பரப்பை, முதுகு மேற்புறமாக அமையும்படி மெல்ல வளைத்துச் செலுத்தினால், அது மிகுதியாகத் தூக்கும். தடையோ அந்த அளவுக்கு மிகுவதில்லை. பறவையின் சிறகு தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பதன் மருமம் இதுவே. சிறகின் அகலத்தில் 12-இல் 1 பங்கு உயரம் வளைவு இருத்தல் நன்று என்று அவர் கண்டார். பிற்காலத்தார் இவ்வளைவை இன்னும் குறைத்தனர் எனினும், வளைந்த சிறகே சிறந்தது என்னும் உண்மை இன்றுவரை நிலைத்துள்ளது.

சிறகு தூக்குவதன் காரணத்தையும் இங்கே அறிதல் நலம். சாய்ந்தும் வளைந்தும் உள்ள சிறகு முன்னேறும்போது தன்னைத் தழுவிச் செல்லும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. காற்றைச் சிறகு கீழே தள்ளவே, காற்று சிறகை மேலே தள்ளுகிறது. சிறகின் மேற்புறத்தில் அழுத்தம் குறைந்தும் கீழ்ப்புறத்தில் மிகுந்தும் நிற்கும். இவ்வேறுபாடே தூக்குவிசையாக வெளிப்படுகிறது. சாய்வு மிகமிகத் தூக்குவிசையும் மிகும். ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லை கடந்து சாய்ந்தால், மேற்புறக் காற்று சிறகைத் தழுவாமல் பிரிந்து சிதறும்; தூக்குவிசை திடீரெனக் குன்றும்; பறக்கும் பொருள் வீழும். இதனை நினைவிற் கொள்ளுங்கள். இவ்வரலாற்றின் துயர முடிவுக்கு இதுவே காரணமாயிற்று.

தாம் கண்டவற்றையெல்லாம் பட்டியலாகவும் கோட்டுப் படமாகவும் தொகுத்து, 1889-ஆம் ஆண்டில் பறத்தற்கலைக்குப் பறவையின் பறத்தலே அடிப்படை என்பதை விளக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். முதலில் அந்நூலை வாங்கியோர் சிலரே. கற்றோர் பலர் பறக்கும் முயற்சியைப் பித்தர் செயலாகவே கருதிய காலம் அது. எனினும் காற்றைப் பற்றிய உறுதியான எண்களை அந்நூல் உலகுக்கு அளித்தது. அதற்குப்பின் வருவோர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை.

குன்றினின்று வானுக்கு

நூல் எழுதியதோடு தம் கடமை முடிந்தது என்று லிலியந்தால் எண்ணவில்லை. பறவைக்குஞ்சு முதல்நாளே மலை கடந்து பறப்பதில்லை. கூட்டின் விளிம்பில் நின்று சிறகை விரித்துப் பார்க்கிறது. தாழ்ந்த கிளைக்குத் தாவுகிறது. பின்னரே வானில் ஏறுகிறது. மனிதனும் அவ்வாறே படிப்படியாகப் பழகுதல் வேண்டும் என்பது அவர் துணிபு. ஆதலின் இயந்திரத்தைப் பின்னுக்கு வைத்து, முதலில் இயந்திரமில்லாச் சறுக்கு வானூர்தியைச் செய்தார். இக்காலத்தார் அதனைக் கிளைடர் என்பர். உயர்ந்த இடத்தினின்று புறப்படும் அக்கருவிக்குப் புவியின் ஈர்ப்பே உந்துவிசையாக உதவும். சரிவான பாறையில் சிறுவர் சறுக்குவதுபோல அது காற்றின்மேல் சறுக்கிக்கொண்டே முன்சென்று மெல்ல மெல்ல இறங்கும்.

1891-ஆம் ஆண்டில் போட்ஸ்டாம் நகருக்கு அருகே டெர்விட்ஸ் என்னும் ஊரின் மேட்டுநிலத்தில் அவர் பறக்கத் தொடங்கினார். அவ்வாண்டில் 25 மீட்டர் வரை சென்றார். இக்காலத்துப் பள்ளி விளையாட்டிடத்தின் ஒரு மூலைக்கும் போதாத தொலைவு அது. ஆயினும் நினைத்தவாறு பறந்து, நினைத்தவாறு இறங்கி, மறுநாளும் அவ்வாறே செய்துகாட்டிய மனிதர் அவருக்கு முன் எவரும் இலர். ஆண்டுதோறும் இறக்கையைத் திருத்தினார்; வாலைத் திருத்தினார்; உயர்ந்த மேடுகளை நாடினார். 1893-இல் ரினோ என்னும் ஊரை அடுத்த குன்றுகளினின்று 250 மீட்டர் வரை பறந்தார்.

பெர்லினை அடுத்த லிஷ்டர்ஃபெல்டெ என்னும் இடத்தில் 1894-இல் 15 மீட்டர் உயரமுள்ள செயற்கைக் குன்று ஒன்றைத் தம் செலவில் எழுப்பினார். அக்குன்று கூம்பு வடிவமாக அமைந்தது. ஆதலின் காற்று எத்திசையினின்று வீசினும் அதனை எதிர்த்து ஓடி எழலாம். உச்சியிலிருந்த குடிலில் வானூர்திகளை வைத்துக் காத்தார். விடுமுறை நாள்களில் மக்கள் திரண்டு வந்து, மனிதன் பறப்பதைத் தம் கண்ணாலே கண்டனர். அவர் பறக்கும் காட்சிகள் ஒளிப்படங்களாக எடுக்கப்பட்டு, பல நாட்டு இதழ்களில் வெளிவந்தன. மனிதன் பறத்தல் இயலாது என்று உரைத்தோரின் வாயை அப்படங்கள் அடைத்தன.

அவ்வானூர்தியின் அமைப்பு எளியது. வளையும் இயல்புள்ள வில்லோ மரக்கொம்புகளால் சட்டம் கட்டி, அதன்மேல் பருத்தித் துணியை இழுத்துப் போர்த்தியிருப்பார். எடை ஏறத்தாழ 20 கிலோ. இறக்கைகளின் பரப்பு ஏறத்தாழ 13 சதுர மீட்டர். நடுவிலுள்ள திறப்பில் முன்கைகளை ஊன்றிக்கொண்டு அவர் ஓடுவார். காற்று தாங்கியதும் கால்கள் தரையை விட்டு எழுந்து தொங்கும். திருப்புவதற்குத் தனிப்பொறி ஏதும் இல்லை. இடப்புறம் தாழ்ந்தால் கால்களை வலப்புறம் வீசுவார். முன்புறம் உயர்ந்தால் கால்களை முன்னே நீட்டுவார். துலாக்கோலின் தட்டில் எடையை மாற்றி வைப்பதுபோலத் தம் உடலின் பாரத்தை மாற்றி மாற்றிச் சமநிலை காத்தார். இதற்கு வேண்டிய உடற்பயிற்சியும் விழிப்பும் எளிதில் வருவன அல்ல.

அவ்வானூர்தியைப் பிறரும் வாங்கிப் பழகுமாறு 500 மார்க் விலைக்குச் செய்து விற்றார். ஒரே அமைப்பில் தொடர்ச்சியாகச் செய்து விற்கப்பட்ட முதல் வானூர்தி இதுவே. இரஷ்ய நாட்டுப் பேரறிஞர் சுக்கோவ்ஸ்கி நேரில் வந்து கண்டு ஒன்றைப் பெற்றுச் சென்றார். இங்கிலாந்தினின்று வந்த பில்ச்சர் என்னும் இளைஞரும் அவ்வாறே செய்தார். தாம் அறிந்ததை மறைத்து வைக்கும் இயல்பு லிலியந்தாலிடம் இல்லை. வானுக்கு வேலி இடுவார் இலர், ஆதலின் மனிதர் பறக்கக் கற்றால் நாட்டெல்லைகள் வலுவிழக்கும், போர்கள் ஓயும், மொழியாலும் நாட்டாலும் பிரிந்தோர் உறவாவர் என்று அவர் நம்பினார்.

இறுதிப் பறத்தல்

ஐந்தாண்டுகளில் அவர் 2,000 முறைக்கு மேல் பறந்தார். ஒவ்வொரு முறையும் வானில் இருந்தது சில நொடிகளே. எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்து மணி நேரம் அளவே ஆகும் என்பர். அச்சில மணி நேரப் பழக்கத்திற்காக அவர் தம் வாழ்நாளையே செலவிட்டிருந்தார்.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ரினோ குன்றுகளைச் சேர்ந்த கோலன்பெர்க் என்னும் குன்றுக்கு லிலியந்தால் சென்றார். ஷ்டொல்ன் என்னும் சிற்றூர் அதன் அடிவாரத்தில் உள்ளது. அவருடன் உதவியாளர் பைலிஷ் இருந்தார். வெயில் நன்கு காய்ந்த நாள் அது. அத்தகைய நாளில் சூடேறிய தரையினின்று காற்று திடீர் திடீரென மேலெழும். பறந்துகொண்டிருந்த லிலியந்தாலின் வானூர்தியை அத்தகையதொரு காற்று தாக்கியது. முன்புறம் உயர்ந்தது, விரைவு குன்றியது, வானூர்தி நடுவானில் நின்றதுபோலத் தோன்றியது. முன்னே கூறிய எல்லையை இறக்கை கடந்துவிட்டது. அவர் கால்களை முன்னே வீசி முன்புறத்தைத் தாழ்த்த முயன்றார். உடலின் பாரத்தை மாற்றும் அந்த ஒரு வழியே அவருக்கு இருந்தது. அவ்வேளையில் அது போதவில்லை. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தினின்று வானூர்தி தலைகீழாகத் தரையில் மோதியது.

கழுத்துப் பகுதியில் முள்ளெலும்பு முறிந்தது. அவரைப் பெர்லினுக்குக் கொண்டு சென்று பெரும்புகழ் வாய்ந்த மருத்துவரிடம் சேர்த்தனர். மருத்துவம் பயன்தரவில்லை. மறுநாள், ஆகஸ்டு 10-ஆம் நாள், லிலியந்தால் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 48.

அவர் வழிவந்தோர்

அமெரிக்க நாட்டில் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்திவந்த வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் உடன்பிறப்பினர் லிலியந்தாலின் மறைவுச் செய்தியைப் படித்தனர். இளமையில் அவர்களுக்கிருந்த பறக்கும் விருப்பம் மீண்டும் கிளர்ந்தது. லிலியந்தால் எவ்விடத்தில் வென்றார், எவ்விடத்தில் வீழ்ந்தார் என்று அவர்கள் ஆய்ந்தனர். இறக்கை தாங்கும் என்பதை அவர் மெய்ப்பித்துவிட்டார். சமநிலை காக்கும் வழியே இன்னும் முழுமை பெறவில்லை என்று உணர்ந்தனர். உடலை அசைத்து அடக்குவதை விடுத்து, இறக்கையின் முனைகளை முறுக்கியும் சுக்கான்களைத் திருப்பியும் வானூர்தியை ஆளும் முறையை வகுத்தனர்.

அவர்களும் லிலியந்தாலின் பட்டியலைக் கொண்டே தம் முதல் சறுக்கு வானூர்திகளைக் கணக்கிட்டனர். 1901-இல் செய்த வானூர்தி எதிர்பார்த்த அளவு தூக்கவில்லை. பட்டியல் பிழையோ என்று முதலில் ஐயுற்றனர். ஐயத்தோடு நின்றுவிடவில்லை. காற்றைச் செலுத்தும் பெட்டி ஒன்று செய்து, ஏறத்தாழ 200 சிற்றிறக்கை வடிவங்களை அதில் வைத்து அளந்தனர். அப்போது உண்மை வெளிப்பட்டது. கணக்கில் அவர்கள் கையாண்ட பழைய எண் ஒன்றே பெரும்பிழைக்குக் காரணம். நூறாண்டுக்கு மேலாகப் பலரும் ஆராயாமல் ஏற்றுவந்த எண் அது. லிலியந்தால் தம் இறக்கை வடிவத்திற்கு அளந்து எழுதிய அளவுகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ரைட் உடன்பிறப்பினர் இயந்திரம் பூட்டிய வானூர்தியில் பறந்தனர். முதல் முறை 12 நொடி. அன்றைய நான்காம் முறை 59 நொடி. வில்பர் ரைட் பின்னர் எழுதிய கட்டுரை ஒன்றில், தமக்கு முன் பறத்தலை ஆராய்ந்தோருள் லிலியந்தாலே தலைசிறந்தவர் என்று போற்றினார்.

லிலியந்தாலிடமும் குறைகள் இருந்தன. இயந்திரத்தால் முன்னேறுதற்கும் சிறகடிப்பே வழி என்று எண்ணி, சிறகு முனைகளை அசைக்கும் பொறியில் காலம் செலவிட்டார். அது வெற்றி பெறவில்லை. வானூர்தி போரை ஒழிக்கும் என்று அவர் கொண்ட நம்பிக்கையும் பொய்த்தது. அவர் மறைந்து இருபதாண்டு நிரம்புமுன்னரே முதல் உலகப்போரில் வானூர்திகள் குண்டு வீசின. கருவி நல்லதும் அன்று, தீயதும் அன்று. அதனை ஆள்வோர் உள்ளமே நன்மை தீமைகளை விளைக்கும் என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லாமற் போயிற்று.

ஆயினும் அவர் அளந்த அளவுகள் பொய்க்கவில்லை. 2016-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வானியக்க அறிஞர்கள், அவர் விற்ற வானூர்தியைப்போலவே ஒன்றைச் செய்து, பெரிய காற்றுக் கூடத்தில் வைத்து ஆராய்ந்தனர். அது நிலையாகப் பறக்கும் தகுதியுடையது என்று கண்டனர். அமைப்பிற் கேடு இருந்ததால் அவர் வீழ்ந்தார் என்னும் ஐயம் இதனால் நீங்கிற்று.

முடிவுரை

அங்க்லாம் நகரில் லிலியந்தாலின் பெயரால் ஒரு காட்சிச்சாலை உள்ளது. அவர் வீழ்ந்த கோலன்பெர்க் குன்றின் அருகே, 1989-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள், பெரிய பயணிகள் வானூர்தி ஒன்று புல்தரையிலேயே திறமையாக இறக்கப்பட்டு, நினைவுச் சின்னமாக அங்கேயே நிறுத்தப்பட்டது. அதற்கு லிலியந்தாலின் துணைவியார் பெயரால் லேடி ஆக்னஸ் என்று பெயரிட்டனர். துணியாலும் கொம்பாலும் ஆன இறக்கையோடு அவர் ஓடிய மண்ணில், நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுமக்கவல்ல இரும்பறவை வந்து அமர்ந்தது பொருத்தமே ஆகும்.

மாணவர்களே, லிலியந்தாலைத் துணிவுடையவர் என்று மட்டும் நினைவு கொள்ளுதல் போதாது. கோபுரத்தினின்று குதித்தோரும் துணிவுடையவரே. கண்டதை அளந்தார், அளந்ததை எழுதினார், எழுதியதைப் பிறர்க்கு அளித்தார். ஆதலால் அவர் வீழ்ந்த இடத்தினின்று பிறர் எழ முடிந்தது. ஒருவர் உயிர் மறையினும் அவர் உண்மையாகக் குறித்து வைத்த அறிவு மறையாது. அடுத்து வருவோர் ஏறுதற்குப் படியாக நிற்கும். நாமும் செய்யும் செயல் சிறிதாயினும் அதனை அளந்து செய்வோமாக. பிழை நேரின் மறையாது குறித்து வைப்போமாக.